பாக்ஸிங் சேரப் போகிறீர்களா? முதல் சில மாதங்கள் இப்படித்தான் இருக்கும்

பாக்ஸிங் கற்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அடி வாங்குவேனா?" சரி, அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான பயிற்சிக்கூடமாக இருந்தால் ஆரம்ப மாதங்களில் உங்களை யாரும் அடிக்க மாட்டார்கள். நீங்களும் யாரையும் அடிக்க மாட்டீர்கள். ஆனால் யாரும் தொடாமலேயே உங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். மூச்சு வாங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தோள்பட்டை எரியும். இது போதாதென்று சலிப்பும் வரும். நான் பார்த்தவரை, பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் வலிக்குப் பயந்து போவதில்லை. "ஒரு மாதமாக நிற்கவும் நடக்கவும்தான் சொல்லித்தருகிறார்கள்" என்று அலுத்துப்போய்த்தான் போகிறார்கள்.

நானும் அப்படி அலுத்துக்கொண்டவன்தான். முதல் வாரம் அங்கே தொங்கிக்கொண்டிருந்த பெரிய பையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. கோச் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. நீங்கள் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டே உள்ளே போகலாம்.

மணிக்கு மணி

கூடத்துக்குள் நுழைந்ததும் காதில் விழுவது டைமரின் மணி. அங்கே நேரம் ரவுண்டுகளாகத்தான் ஓடும்: 3 நிமிடம் வேலை, 1 நிமிடம் ஓய்வு, மறுபடி மணி. இந்தக் கணக்கு 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வந்தது. விதிகளை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ்; ஆதரவு தந்த பிரபுவின் பட்டப்பெயர்தான் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் வெறுங்கைச் சண்டை. யாராவது ஒருவர் கீழே விழுந்தால்தான் ஒரு ரவுண்டு முடிந்ததாகக் கணக்கு. கிளவுஸ் கட்டாயமானது, ரவுண்டுக்கு 3 நிமிடம் என்று வரம்பு வந்தது, விழுந்தவர் எழுந்திருக்க 10 நொடி தந்தது எல்லாம் இந்த விதிகளில் உண்டு.

3 நிமிடம் என்றால் என்ன பெரிய நேரம் என்று தோன்றும். முதல் நாள் இரண்டாவது நிமிடத்திலேயே டைமரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள். கூச்சப்பட வேண்டாம், அந்தக் கூடத்தில் இருக்கிற எல்லோரும் ஒரு காலத்தில் பார்த்தவர்கள்தான்.

வகுப்பு பெரும்பாலும் ஸ்கிப்பிங் கயிற்றில் ஆரம்பிக்கும். சின்ன வயதில் தாண்டியதுதானே என்று நினைத்து எடுப்பீர்கள், பத்து எண்ணுவதற்குள் காலில் சிக்கும். கயிற்றின் நடுவில் காலை வைத்துக் கைப்பிடிகளை மேலே இழுத்தால் அக்குள் உயரத்துக்கு வர வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் தரையில் அடித்துத் துள்ளும். ஓரிரு அங்குலம் எழும்பினால் போதும். கயிற்றைச் சுற்ற வேண்டியது மணிக்கட்டு. புதியவர்கள் தோளால் சுற்றுவார்கள், முயல் மாதிரி உயரக் குதிப்பார்கள், ஒரே ரவுண்டில் ஓய்ந்துபோவார்கள். இது வெறும் உடம்பு சூடேற்றும் வேலை இல்லை. முன்பாதத்தில் லேசாக நிற்பது, காலும் கையும் ஒரே தாளத்தில் போவது, தோளைத் தளர்த்திக்கொள்வது என்று பின்னால் வரப்போகிற முக்கால்வாசிப் பாடம் அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது.

கை கட்டுவது

பாக்ஸிங்கில் கை கட்டுவது என்றால் பணிவாக நிற்பது இல்லை. கிளவுஸுக்குள் கையை விடும் முன் சுமார் 4.5 மீட்டர் நீளத் துணிப்பட்டையைக் கையில் சுற்ற வேண்டும். ஹேண்ட் ராப் என்பார்கள். ஒரு முனையில் கட்டைவிரலை மாட்டுவதற்கு ஒரு வளையம், மறுமுனையில் வெல்க்ரோ. மணிக்கட்டில் சில சுற்று, விரல் முட்டிகளின் மேல் சில சுற்று, விரலிடுக்குகள் வழியாக, கட்டைவிரலைச் சுற்றி, கடைசியில் மறுபடி மணிக்கட்டு. சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருங்கள். அப்படிச் செய்தால்தான் முஷ்டி மடக்கும்போது கச்சிதமாகப் பிடிக்கும். விரல் நுனி மரத்துப்போனால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் வாரம் கோச்சே கட்டிவிடுவார், அப்புறம் நீங்களேதான். ஒரு கைக்குப் பத்து நிமிடம் ஆகும், பாதியில் உருண்டு ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? நம் கையில் மட்டும் 27 எலும்புகள். பெரும்பாலானவை சின்னச் சின்ன எலும்புகள். பொருளைப் பிடிக்கவும் எழுதவும் அமைந்த கருவி அது, சுவரை இடிக்க அமைந்ததில்லை. அந்தச் சின்ன எலும்புகள் அகலாமல் சேர்த்துப் பிடிப்பதும் மணிக்கட்டு மடங்காமல் தாங்குவதும்தான் ராப்பின் வேலை. மெத்தை மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது கிளவுஸ்.

அதோடு முஷ்டி மடக்கவும் சொல்லித்தருவார்கள். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு உள்ளே போகக் கூடாது. வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் மடங்கிக் கிடக்க வேண்டும். குத்து போய்ப் படவேண்டியது அந்த இரண்டு விரல்களின் முட்டிகளில். பழகாதவர்கள் கையை வீசி அடிக்கும்போது சுண்டுவிரல் பக்கமாகப் படும், அந்த விரலுக்குக் கீழே புறங்கையில் இருக்கும் எலும்பு கழுத்துப் பகுதியில் ஒடியும். மருத்துவத்தில் இந்த முறிவுக்கு 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், ஒழுங்காகப் பழகிய பாக்ஸர்களுக்கு இது அவ்வளவாக வருவதில்லை. கோபத்தில் சுவரையோ கதவையோ குத்துகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

குத்து காலில் பிறக்கிறது

இப்போது கண்ணாடி முன்னால் நிற்கும் பாடம். இதை அவசரமாகத் தாண்ட நினைக்காதீர்கள்.

வலதுகைக்காரர் என்றால் இடது கால் முன்னால், வலது கால் பின்னால். இதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். இடதுகைக்காரருக்கு அப்படியே தலைகீழ், அது சவுத்பா. கால்களுக்கு நடுவே ஏறக்குறையத் தோள் அகலம். இரண்டு பாதங்களும் தண்டவாளத்தில் நிற்பதுபோல ஒரே கோட்டில் வரக் கூடாது. வந்தால் பக்கவாட்டில் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள். முன்கால் விரல்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும், பின்கால் குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்பியிருக்கும். முழங்கால் விறைக்காமல் நெகிழ்ந்திருக்கும். தாடை தாழ்ந்து, கைகள் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவை ஒட்டி. இதுதான் கார்டு.

பலமான கையை ஏன் பின்னால் வைக்கிறோம் என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். பின்னால் இருக்கும் கைக்கு ஓடிவர அதிக தூரம் இருக்கிறது, இடுப்பு முழுக்கத் திரும்பி அதற்குப் பலம் சேர்க்கிறது. முன்னால் இருக்கும் கைக்கு வேறு வேலை: தூரம் அளப்பது, எதிராளியைத் தொந்தரவு செய்வது, வழி திறப்பது. அதற்கு வேகம்தான் தேவை, பலம் அவ்வளவு தேவையில்லை.

நடக்கும் விதி எளிமையானது, ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும்; மற்றது அதே அளவு பின்தொடர வேண்டும். முன்னால் போக முன்கால், பின்னால் போகப் பின்கால், இடப்பக்கம் போக இடது கால். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, ஒட்டி நிற்கவும் கூடாது. பிறந்ததிலிருந்து மாற்றி மாற்றிக் காலெடுத்து வைத்துத்தான் நடந்திருக்கிறோம், அதை மறப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். சிலர் தரையில் ஒட்டிய டேப் மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நண்டு மாதிரி இருக்கும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருக்கிறது. குத்தின் பலம் கையில் பிறப்பதில்லை. பின்கால் தரையைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு தோளைத் திருப்புகிறது, தோள் கையை விடுகிறது. கை கடைசியில் வந்து சேரும் தபால்காரர் மாதிரிதான். கால் சரியாக இல்லையென்றால் கொண்டுவந்து கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரைன் வீரர் வாசில் லோமசென்கோவை அவருடைய அப்பாவும் பயிற்சியாளருமான அனடோலி சிறுவயதில் நடனம் கற்க அனுப்பினார். பிற்காலத்தில் எதிராளிகள் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே தெரியாமல் திணறியதைப் பார்த்தால், அந்த அப்பாவின் கணக்கு தப்பவில்லை.

இன்னொன்று. முகமது அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்தே குத்துகளைத் தப்பிக்கிற காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து அதையே செய்ய ஆசைப்படுவார்கள். அலிக்கு அலியின் கால்களும் கண்களும் இருந்தன. நமக்குக் கன்னத்தருகே கை இருக்கட்டும்.

ஆறு குத்துகள், ஆறு எண்கள்

அடிப்படைக் குத்துகள் மிகக் குறைவு. பல கூடங்களில் அவற்றை எண்ணால்தான் சொல்வார்கள். 1 என்றால் ஜாப், முன்கையின் நேர்குத்து. 2 என்றால் கிராஸ், பின்கையின் நேர்குத்து. 3 முன்கை ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வரும் குத்து; 4 பின்கை ஹூக். 5 முன்கை அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே போகும் குத்து; 6 பின்கை அப்பர்கட். கோச் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கத்தினால் ஜாப், கிராஸ், ஹூக். சில இடங்களில் எண்முறை மாறும், அதனால் போன இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் 1 மட்டும்தான், நடுநடுவே 2. ஜாப் சுலபமாகத் தெரியும்: கையை நீட்டு, இழு. ஆனால் அதற்குள் பார்க்க நிறைய இருக்கிறது. முழங்கை பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளக் கூடாது, கதவு திறப்பதுபோலத் தெரிந்து எதிராளிக்கு முன்கூட்டியே சேதி போய்விடும். கை நீளும்போது தோள் உயர்ந்து தாடையை மறைக்க வேண்டும். கடைசி நொடியில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும், இடுப்புக்கு இறங்கி ஊர் சுற்றிவிட்டு வரக் கூடாது. இவ்வளவும் நடக்கும்போது மற்றக் கை தன் கன்னத்தை விட்டு நகரக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கை போனால் இன்னொரு கை தானாகக் கீழே இறங்கும். கோச் தன் கையில் மாட்டியிருக்கும் பேடால், அதாவது தட்டை மெத்தையால், உங்கள் கன்னத்தை லேசாகத் தட்டுவார், அதுதான் நினைவூட்டல்.

கிராஸுக்குப் பின்பாதத்தைக் கவனியுங்கள். தரையில் கிடக்கும் பூச்சியை நசுக்குவதுபோல முன்பாதத்தில் திரும்ப வேண்டும். பாதம் திரும்பாமல் கை மட்டும் போனால் அது பாதிக் குத்துதான். ஹூக்கும் அப்பர்கட்டும் அப்புறம் வரும். அவை வரும்போது மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்களின் மணிக்கட்டு பெரும்பாலும் சுளுக்கிக்கொள்வது ஹூக்கில்தான்.

ஏன் இப்படிக் களைக்கிறது?

தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட முதல் நாள் மூன்றாவது ரவுண்டில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எட்டாவது ரவுண்டிலும் நிதானமாக வேலை செய்துகொண்டிருப்பார். இதைப் பார்த்து உங்கள் உடல்திறனைச் சந்தேகப்பட வேண்டாம். வித்தியாசம் பெரும்பாலும் இறுக்கத்தில் இருக்கிறது.

புதியவர் பல்லைக் கடிப்பார், தோளைக் காதுவரை தூக்கிக்கொள்வார், முஷ்டியை ரவுண்டு முழுக்க இறுக்கியே வைத்திருப்பார். கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசை, மடக்குவது முன்பக்கத் தசை. இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற கதைதான். எரிபொருள் தீரும், வண்டி போகாது. ஈரத்துணியை உதறிக் காயப்போடுவதை நினைத்துப் பாருங்கள். கை தளர்வாகப் போகிறது, கடைசி நொடியில் சட்டென்று ஒரு வெட்டு, 'பட்' என்று சத்தம், உடனே மறுபடி தளர்வு. குத்தும் அப்படித்தான். முஷ்டி இறுகவேண்டியது படும் அந்தக் கணத்தில் மட்டும்.

அடுத்தது மூச்சு. கவனம் முழுக்கக் கையில் இருப்பதால் தெரியாமலே மூச்சைப் பிடித்துவிடுவோம். நான்கு குத்து விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு தடவைகூட மூச்சுவிட்டிருக்க மாட்டோம். கூடத்தில் பழகியவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் "ஷ்", "ட்ஸ்" என்று சத்தம் விடுவதைக் கேட்பீர்கள். பந்தாவுக்காகச் செய்வதில்லை. ஒவ்வொரு குத்தோடும் கொஞ்சம் மூச்சை வெளியே தள்ளுகிறார்கள். அதனால் வயிறும் இறுகி நிற்கும், மூச்சும் அடைபடாது. வெட்கப்படாமல் நீங்களும் சத்தம் விடுங்கள். முதல் மாதம் குத்து சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூச்சு சரியாக இருந்தால் அடுத்த ரவுண்டுக்கு நிற்பீர்கள்.

நிழலோடு சண்டை போடும் ஷேடோ பாக்ஸிங்கை இதற்காகவே கோச்சுகள் அதிகம் தருவார்கள். எதிரே ஆளும் இல்லை, பையும் இல்லை, நீங்களும் கண்ணாடியும் மட்டும். முதலில் கோமாளித்தனமாகத் தோன்றும். யாரோ பார்க்கிறார்கள் என்று கூச்சமாக இருக்கும். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை, அவரவருக்கு அவரவர் மூச்சுப் பிரச்சினை. தடுக்க எதுவும் இல்லாததால் தப்பெல்லாம் அப்படியே கண்ணில் தெரியும்: இதோ கை இறங்குகிறது, இதோ கால் ஒட்டுகிறது.

பையும் பேடும்

ஒருவழியாகப் பையிடம் வருவீர்கள். ஹெவி பேக். வந்த வேகத்தில் முழு பலத்தோடு அடித்து அதை ஊஞ்சலாட வைக்கத் தோன்றும். பை ரொம்ப ஆடினால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். நல்ல குத்து பட்டால் பை அதிரும், சத்தம் கூர்மையாக வரும், அதிகம் நகராது. தள்ளுகிறவர்கள் கையை அங்கேயே வைத்துவிட்டுச் சாய்வார்கள். அடுப்பில் கை பட்டதுபோல எடுத்துவிட வேண்டும்.

முதல் சில வாரம் ஐம்பது சதவீத பலத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. நுரையீரல் தாங்கினாலும் மணிக்கட்டும் முட்டிகளும் அந்த வேலைக்கு இன்னும் தயாராகியிருக்காது. தசை சீக்கிரம் பழகிவிடும்; தசைநாணும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும். முட்டியில் தோல் உராய்வது சாதாரணம். மணிக்கட்டிலோ புறங்கையிலோ ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி வலி, வீக்கம் இருந்தால் அது சாதாரணம் இல்லை; அன்றைக்குக் கிளவுஸைக் கழற்றிவிடுங்கள், குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பேட் பிடிப்பது வேறு ரகம். கோச் கைகளில் தட்டை மெத்தைகளை மாட்டிக்கொண்டு எண்ணைச் சொல்ல, நீங்கள் அதில் அடிப்பீர்கள். நடுவில் அவரும் பேடை உங்கள் தலைப்பக்கம் வீசுவார், நீங்கள் குனிந்தோ விலகியோ தப்ப வேண்டும். முதல் தடவை என்ன நடக்கும் என்று சொல்கிறேன்: கண்ணை மூடிக்கொள்வீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், முகத்தை நோக்கி எது வந்தாலும் எல்லோருடைய உடம்பும் செய்யும் அனிச்சைச் செயல் அது. மெதுவாக வீசச் சொல்லி, கண்ணைத் திறந்தே வைத்துப் பழகப் பழகக் குறையும். எனக்கு ஜாப் கற்றதைவிடக் கண் சிமிட்டாமல் இருக்கக் கற்றதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

மறுநாள் காலை

மறுநாள் கையை உயர்த்தித் தலை வார முடியாது. படி இறங்கும்போது கெண்டைக்கால் பேசும். இந்த வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்லத் தணிந்துவிடும். பழகாத தசைக்குப் புது வேலை கொடுத்தால் எதிலும் வருவதுதான். வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி என்று ஆரம்பித்தால் தாக்குப்பிடிக்கலாம். உற்சாகத்தில் வாரம் ஆறு நாள் போகிறவர்களை மூன்றாவது வாரம் பார்க்க முடியாது.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் சேரும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ளவர்கள் கண் மருத்துவரிடமும் பேசிவிட வேண்டும். அவர்களுக்கு விழித்திரை விலகும் ஆபத்து கூடுதல் என்பதால் தலையில் அடிபடும் பயிற்சி ஒத்துவராமல் போகலாம்.

பொருள்கள் பற்றி நிறையப் பேசுவார்கள், முதல் மாதம் அவ்வளவு தேவையில்லை. சொந்தமாக ஒரு ஜோடி ராப், வழுக்காத தட்டை அடிப்பாக ஷூ, தண்ணீர் பாட்டில் போதும். தொடரப் போகிறோம் என்று தெரிந்த பிறகு கிளவுஸ் வாங்கலாம். கிளவுஸின் அளவு அவுன்ஸில் இருக்கும். ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். பைக்கும் பேடுக்கும் பெரியவர்கள் 12 அல்லது 14 எடுப்பார்கள், இருவர் எதிரெதிரே நின்று பழகும் ஸ்பேரிங்குக்குப் பெரும்பாலும் 16, மெத்தை அதிகம் என்பதால். தொழில்முறைப் போட்டிகளில் எடைப்பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ் போடுவார்கள், அதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பைக்குள்ளேயே விட்டுவிடாமல் திறந்து காயப்போடுங்கள். இரண்டு நாள் மறந்தால் வீடே எச்சரிக்கும்.

ஸ்பேரிங்

சரி, அடிக்கு வருவோம். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பழகுவதுதான் ஸ்பேரிங். எப்போது ஆரம்பிக்கலாம் என்பதற்கு நாள் கணக்கு இல்லை. சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு, சிலருக்கு ஒரு வருடம். களைத்த நிலையிலும் கார்டு இறங்காமல் இருக்கிறதா, குத்து வரும்போது கண் திறந்திருக்கிறதா, பலத்தைக் குறைத்து அடிக்கத் தெரிகிறதா என்று கோச் பார்ப்பார். கடைசியாகச் சொன்னது முக்கியம். தன் கையின் வேகத்தை அடக்கத் தெரியாதவர் எதிரே இருப்பவருக்குத்தான் ஆபத்து. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே இருக்கலாம். பல வருடம் பையும் பேடும் மட்டும் அடித்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் எல்லாக் கூடத்திலும் உண்டு.

நல்ல கோச் படிப்படியாகத்தான் விடுவார். முதலில் ஒருவர் ஜாப் மட்டும் விட, மற்றவர் தடுக்க மட்டும் செய்வார். பிறகு இருவருக்கும் ஜாப் மட்டும். பிறகு வயிறு, விலா மட்டும், தலை கிடையாது. இதெல்லாம் தாண்டித்தான் முழு ஸ்பேரிங், அதிலும் வேகம் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்வார்கள். சேர்ந்த முதல் வாரமே "உள்ளே ஏறு, பார்க்கலாம்" என்று பழைய ஆளோடு மோதவிடுகிற இடமாக இருந்தால் ராப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தைரியத்தைச் சோதிக்கிறோம் என்பார்கள். அங்கே தெரிவது உங்கள் தைரியம் இல்லை, அவர்களுடைய அலட்சியம்.

முதல் ஸ்பேரிங்கில் கற்றதெல்லாம் மறந்துபோகும். இரண்டு மாதம் மெருகேற்றிய ஜாப் காணாமல் போகும், மூச்சு மறுபடி அடைபடும், ஒரு நிமிடத்தில் கை கல்லாகும். மூக்கில் லேசாக ஒரு குத்து படும், கண்ணில் தண்ணீர் வரும். வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருக்கும். சிலருக்குக் கோபம் வரும். அப்போது ஒரு அடி பின்னால் எடுத்துவைத்து மூச்சுவிட்டால் போதும், அதற்குத்தான் அத்தனை நாள் டேப் மேல் நடந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் மழுப்பக் கூடாது. தலையில் அடிபடுவது விளையாட்டு இல்லை. வருடக்கணக்கில் தலையில் குத்து வாங்கியவர்களிடம் தெரியும் தடுமாற்றத்தையும் மூளைப் பாதிப்பையும் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். தலையில் மாட்டும் மெத்தைக் கவசமான ஹெட்கார்டு போட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது வெட்டுக்காயத்தையும் சிராய்ப்பையும் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. 2013-இல் ஆண்களுக்கான உயர்நிலை அமெச்சூர் போட்டிகளில் அதை நீக்கியே விட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். அதற்காகப் பழகுகிற நீங்கள் கழற்றிவிட வேண்டாம், புருவம் கிழியாமல் இருப்பதும் நல்லதுதான். வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்துப் பல்லுக்கு ஏற்ப வடிவமைத்துக்கொள்ளும் மவுத்கார்டு கட்டாயம். ஹெட்கார்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் குத்தை வாங்கிக்கொண்டு முன்னேறுவது மட்டும் கூடாது.

ஸ்பேரிங் முடிந்ததும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சம் கூசுவது, ஞாபகம் கலங்குவது இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. கோச்சிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்று இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ரிங்குக்குள் ஏற வேண்டாம், எத்தனை வாரமானாலும்.